அப்பாவின் லாரியும் டில்லியின் டயர் கடையும்

பாலா,

ஞாயிற்றுக்கிழமை நீ போனில், "ஜெர்மனி வேண்டாம்னு ஆபீஸ்ல சொல்லிடப் போறேம்மா" என்றபோது, நான் "சரிப்பா, சாப்ட்டியா?" என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டேன். இவ்வளவு பெரிய விஷயத்தைச் சொல்கிறோம், இந்த அம்மா சாப்பாட்டைப் பற்றிக் கேட்கிறாளே என்று உனக்கு வருத்தமாக இருந்திருக்கும். அன்று போன் ஸ்பீக்கரில் இருந்தது. அப்பா என் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தார். "அப்பாவ இந்த நிலைமைல விட்டுட்டு எப்படிம்மா போறது?" என்று நீ சொன்னதும் அவர் எழுந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு உள்ளறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். அதனால்தான் சட்டென்று பேச்சை மாற்றினேன். மாதக் கடைசி வரை பதில் சொல்ல நேரம் இருக்கிறது என்று நித்யா சொன்னாள். அம்பத்தூரில் அவள் அம்மா வீட்டிலிருந்து நாளை மறுநாள் உன்னிடம் புனேவுக்குத் திரும்புகிறாள் அல்லவா, அவளிடமே இதைக் கொடுத்து அனுப்புகிறேன். வாட்ஸ்அப்பில் அனுப்பினால் நீ மீட்டிங்கில் இருந்தபடியே மேலாகப் பார்த்துவிட்டு ஒரு கட்டைவிரல் படத்தைத் தட்டிவிடுவாய். காகிதமாக இருந்தால் கொஞ்சம் உட்கார்ந்து படிப்பாய் என்று ஒரு நம்பிக்கை.

அப்பாவுக்குப் பக்கவாதம் வந்தபோது நீ எல்லாவற்றையும் விட்டுவிட்டு ஓடி வந்தாய். ஆஸ்பத்திரி வராண்டாவில் லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு வேலை பார்த்தாய். அவரைக் குளிப்பாட்டினாய், ஷேவ் செய்துவிட்டாய். அதையெல்லாம் நான் மறக்கவில்லை, அவரும் மறக்கவில்லை. ஆனால் நீ புனேவுக்குத் திரும்பிப் போனபோது பார்த்த அப்பாவைத்தான் இன்னும் மனதில் வைத்திருக்கிறாய். வலது கை துணிபோலத் தொங்கும். பேச்சு "ஆமா", "அது" என்ற இரண்டு சொற்களோடு நின்றுவிடும். மற்ற வார்த்தைகள் எல்லாம் உள்ளே இருக்கின்றன, வெளியே வர வழி தெரியாமல் நிற்கின்றன என்று டாக்டர் சொன்னார். அதற்குப் பிறகு இங்கே நடந்ததை நான் போனில் உனக்குத் துண்டு துண்டாகத்தான் சொன்னேன். அப்பா கேட்டுக்கொண்டிருக்கும்போது அவரைப் பற்றிச் சொல்ல எனக்குக் கூச்சம். இப்போது அவர் மொட்டை மாடிக்கு நடக்கப் போயிருக்கிறார். முழுவதையும் எழுதிவிடுகிறேன்.

நீ புனேவுக்குக் கிளம்புவதற்கு முந்தைய நாள் லாஃப்டில் ஏறி, காலேஜ் காலத்து வீடியோ கேம் பெட்டியை இறக்கி, தூசி தட்டி டிவியில் மாட்டினாய். "விரலுக்குப் பயிற்சியா இருக்கும்மா, அப்பாவுக்குப் பிடிச்ச மாதிரி லாரி ஓட்டுற கேம் போட்டிருக்கேன்" என்றாய். எனக்குச் சிரிப்பு வந்தது. அந்தப் பெட்டிக்காக இந்த வீட்டில் நடந்த சண்டைகள் கொஞ்சமா? பரீட்சை நேரத்தில் அதன் ஒயரைப் பீரோவில் வைத்துப் பூட்டி, சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு டியூட்டிக்குப் போன மனுஷனிடமே அதைக் கொண்டுவந்து நீட்டினாய். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். பிசியோதெரபி செய்ய வந்த பெண் கொடுத்த ஸ்பாஞ்ச் பந்தை ஏற்கனவே ஜன்னல் வழியாக வீசியிருந்தார். இதுவும் அந்த வழியாகத்தான் போகும் என்று நினைத்தேன். நீ போய்ச் சில வாரங்கள் வரை அது டிவிக்கு அடியில் அப்படியே கிடந்தது.

ஒருநாள் மத்தியானம், வீட்டுக்குள் அந்த அமைதியைத் தாங்க முடியாமல் நானே அதை எடுத்து விளையாட உட்கார்ந்தேன். உனக்குத் தெரியுமே, நான் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை பார்த்தவள். வேலையில் சேர்ந்த நாளிலிருந்து ரிட்டையர் ஆகும்வரை என் காதில் யாராவது பேசிக்கொண்டே இருந்தார்கள். பேச்சே இல்லாத வீட்டில் எனக்கு மூச்சு முட்டியது. டிவியில் ஒரு பெரிய லாரி வந்தது. எனக்குத் தெரிந்தபடி எதையோ அழுத்தினேன். லாரி ஷெட்டை விட்டு வெளியே வந்து, நேராகப் போய் ஒரு சுவரில் மோதியது. பின்னால் எடுத்தேன், ஒரு கம்பத்தில் மோதியது. அப்பா ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தார். மறுபடி கிளப்பி, ஒரு டோல்கேட்டின் கம்பியை உடைத்துக்கொண்டு போனேன். அவ்வளவுதான். "அது! அது!" என்று கத்தியபடி இடது கையால் என்னிடமிருந்து கன்ட்ரோலரைப் பிடுங்கினார். எனக்குக் கார் ஸ்டீரிங்கையே கொடுக்காதவர், நான் லாரி ஓட்டுவதை எப்படிப் பொறுத்துக்கொள்வார்?

அந்தக் கன்ட்ரோலரில் ஒரு சங்கடம் இருந்தது. இடது ஆள்காட்டி விரலுக்கு அடியில் இருப்பது பிரேக். வலது விரலுக்கு அடியில் இருப்பது ஆக்ஸிலரேட்டர். ஆகவே அப்பாவால் லாரியை நிறுத்த மட்டும்தான் முடிந்தது, கிளப்ப முடியவில்லை. டிவியில் லாரி உறுமிக்கொண்டு நிற்கும், இவர் வலது விரலையே முறைத்துக்கொண்டிருப்பார். நெற்றியில் வியர்வை பூக்கும். நான் அவர் விரல்மேல் என் விரலை வைத்து அழுத்துவேன், லாரி நகரும். அவர் திருப்புவார், பிரேக் பிடிப்பார். இப்படி இரண்டு பேரும் சேர்ந்து ஒரே லாரியை ஓட்டினோம். கல்யாணமான புதிதில்கூட நாங்கள் இவ்வளவு நேரம் ஒட்டி உட்கார்ந்ததில்லை, சிரிக்காதே. காலையில் டிபன் முடிந்ததும் டிவி முன்னால் உட்காருவார். மூட்டை ஏற்றுவது, சொன்ன ஊரில் இறக்குவது, லாரிக்கு டீசல் போடுவது, தேய்ந்த டயரை மாற்றுவது என்று அந்த விளையாட்டில்தான் எத்தனை வேலை! இவர் எல்லாவற்றையும் டியூட்டி மாதிரிச் செய்தார். சிக்னலில் சிவப்பு விழுந்தால் நிற்பார். பின்னால் வரும் பொம்மைக் காருக்கு இண்டிகேட்டர் போடுவார்.

ஒருநாள் நான் அடுப்பில் குழம்பு கொதிக்கிறதே என்று எழுந்து போனேன். திரும்பி வந்து பார்த்தால் லாரி ஓடிக்கொண்டிருந்தது. நான் வாசலிலேயே நின்றேன். அவர் விரல் வெள்ளையாக வெளுக்கும் அளவுக்கு அழுத்திக்கொண்டிருந்தார், லாரி ஒரு சைக்கிள் வேகத்தில் போனது. ஆனால் போனது. நான் திரும்பிப் போய் அப்பளம் பொரித்தேன். அன்றைக்குக் குழம்பு அடிப்பிடித்திருந்தது, இரண்டு பேரும் அதையே வழித்துச் சாப்பிட்டோம்.

மழைக்காலம் வந்தபோது அப்பா ஒரு லாரி ஆபீஸுக்கே சொந்தக்காரராகிவிட்டார், அதாவது விளையாட்டில். மலைப்பாதை எல்லாம் திறந்திருந்தது. பின்னால் நீளமான ட்ரெய்லரை மாட்டிக்கொண்டு ரிவர்ஸில் நிறுத்துவது மட்டும் வரவில்லை. அப்போதுதான் அந்தப் பெருமழை பெய்தது. கரண்ட் போவதும் வருவதுமாக இருந்தது. மறுநாள் பெட்டியைப் போட்டால், முதல் நாள் பார்த்த பழைய ஷெட்டில் அதே சின்ன லாரி நிற்கிறது. சேமித்து வைத்திருந்ததெல்லாம் அழிந்துவிட்டது. நீயும் போனில் ஏதேதோ சொல்லிக்கொடுத்துப் பார்த்தாய், திரும்ப வரவில்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் இத்தனை மாதம் பட்ட பாடெல்லாம் அந்தப் பெட்டிக்குள்தான் இருந்தது போல எனக்கு ஒரு எண்ணம். அவர் என்னைப் பார்த்தார், டிவியைப் பார்த்தார். "விடு" என்றார். பிறகு அந்தச் சின்ன லாரியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். பல வாரம் பிடித்த இடங்களை இந்தத் தடவை ஒரே வாரத்தில் தாண்டினார். நான் கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தேன்.

இனி டயர் கடை. கார் வேண்டாம், விற்றுவிடலாம், வாடகைக் கார் போதும் என்று நீ சொல்லிக்கொண்டிருக்கிறாய். போன மாதம் செக்கப்புக்காகப் பூந்தமல்லிக்குப் போனோம். நான்தான் ஓட்டினேன். லைசென்ஸ் எடுத்து வருஷக்கணக்காகியும் அப்பா எனக்கு ஸ்டீரிங்கைக் கொடுத்ததில்லை. அவருக்கு உடம்புக்கு வந்த பிறகுதான் டிரைவிங் ஸ்கூலுக்குப் போய் மறுபடி கற்றுக்கொண்டேன், அது உனக்குத் தெரியும். போகும்போது ஒரு பள்ளத்தில் டமாரென்று இறங்கினேன். திரும்பி வரும்போது ஸ்டீரிங் நடுங்க ஆரம்பித்தது. வேகம் ஏற ஏற என் கை முழுவதும் உதறியது. பயந்துபோய், சாலையோரம் கண்ணாடிச் சுவரும் பளபளக்கும் தரையுமாக இருந்த ஒரு பெரிய டயர் கடைக்குள் வண்டியைத் திருப்பினேன்.

டை கட்டிய ஒரு பையன் வந்தான். வண்டியைத் தூக்கி நிறுத்தி, டார்ச் அடித்துப் பார்த்தான். "நாலு டயரும் மாத்தணும் மேடம். அடியிலயும் வேலை இருக்கு. இப்படியே ஓட்டிட்டுப் போனீங்கன்னா எங்க வேணா வெடிக்கலாம். பேஷண்ட வேற வெச்சிருக்கீங்க" என்றான். பேஷண்ட் அவன் பக்கத்தில்தான் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். "என்ன ஆச்சுன்னு கழட்டிக் காட்டுங்க" என்று கேட்டேன். "அதெல்லாம் உங்களுக்குப் புரியாது மேடம்" என்றான். அப்பா "வே... வே..." என்று ஆரம்பித்தார். அந்தப் பையன் அவரைப் பார்த்துவிட்டு என்னிடம், "சாருக்குத் தண்ணி ஏதாச்சும் வேணுமா?" என்றான். வெடிக்கும் என்ற வார்த்தையே காதுக்குள் நின்றது. இவரை வைத்துக்கொண்டு நடுரோட்டில் ஏதாவது ஆகிவிட்டால் என்ன செய்வேன்? நாலையும் மாற்றிவிடுங்கள் என்று சொல்ல வாயைத் திறந்துவிட்டேன்.

அப்போது என் மணிக்கட்டை யாரோ இறுக்கிப் பிடித்தார்கள். திரும்பிப் பார்த்தேன். அப்பாதான். வலது கையால். பாலா, வலி எடுக்கும் அளவுக்குப் பிடித்திருந்தார். துணிபோலத் தொங்கிய அந்தக் கை. நான் அவர் முகத்தைப் பார்த்தேன். தலையை மெல்ல இடவலமாக ஆட்டினார். நான் அந்தப் பையனிடம், "வண்டியை இறக்குப்பா, நாங்க அப்புறம் வரோம்" என்றேன். வளையல் அழுந்திய தடம் வீடு வரும்வரை கையில் இருந்தது. எனக்கு அது மறையவே வேண்டாம் போலிருந்தது.

சாலையின் ஓரமாக, ஆட்டோக்காரர்கள் திட்டத் திட்ட, நடக்கும் வேகத்தில் ஓட்டிக்கொண்டு வந்தேன். பருத்திப்பட்டு வந்ததும் அப்பா விரலை நீட்டிக் காட்டினார். தகரக் கூரை போட்ட ஒரு கடை, வாசலில் டயர்களை அடுக்கி அதற்குமேல் கடைப் பெயரைச் சுண்ணாம்பால் எழுதியிருந்தது. உள்ளே ஒரு ஆள் ஸ்டூலில் உட்கார்ந்து, செல்போனைப் படுக்கவைத்துப் பிடித்து மும்முரமாக ஏதோ விளையாடிக்கொண்டிருந்தார். கார் நின்றதும் போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு எழுந்து வந்தார். நாற்பது வயதிருக்கும். பெயர் டில்லி என்று பிறகு தெரிந்தது. ஓட்டிக்கொண்டு வந்தவள் நான், ஆனால் அவர் வந்து நின்றது அப்பா பக்கத்து ஜன்னலில்.

"இன்னா சார், இன்னா ஆச்சி வண்டிக்கு?"

நான் வழக்கம்போல முந்திக்கொண்டேன். "அவருக்கு உடம்பு சரியில்லைங்க, பேச வராது. வண்டி வந்து..." அப்பா கையைத் தூக்கி என்னை நிறுத்தினார். டில்லி என்னைப் பார்த்து, "இரும்மா, சார் இன்னாவோ சொல்றாரு" என்றார். சொல்லிவிட்டு ஜன்னலில் முழங்கையை ஊன்றிக்கொண்டு நின்றார். பின்னால் ஒரு பஸ் ஹாரன் அடித்தது. அவர் நகரவில்லை.

"ஆ... ஆடுது" என்றார் அப்பா.

"எங்க சார் ஆடுது? ஸ்டீரிங்லயா, சீட்லயா?"

"கை... கைல."

"அப்ப முன்னாடி டயருதான். பின்னாடியா இருந்தா உக்கார்ற எடத்துல ஆடும். எறங்கு சார், வந்து பாரு, கழட்டிர்லாம்."

வேறொன்றும் கேட்கவில்லை. அப்பாவுக்கு ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டு, வண்டிக்குப் பக்கத்திலேயே உட்காரவைத்தார். இடது பக்க முன் டயரைக் கழற்றி, உருட்டிக்கொண்டு வந்து அப்பா எதிரில் நிறுத்தினார். "கை வெச்சிப் பாரு சார்" என்றார். எந்தக் கைக்கு முடியாது என்று அவருக்குத் தெரியாதே, பக்கத்தில் இருந்த வலது கையைப் பிடித்து டயரின் பக்கவாட்டில் வைத்துத் தடவவிட்டார். அப்பாவின் விரல்கள் மெதுவாக நகர்ந்தன. ஒரு இடத்தில் நின்றன. திரும்பி வந்து அதே இடத்தைத் தடவின. கண்ணில் ஒரு வெளிச்சம். என் கையை இழுத்து அங்கே வைத்தார். எலுமிச்சம்பழம் அளவுக்கு அந்த இடம் புடைத்திருந்தது.

"பள்ளத்துல உட்ருக்கீங்க. உள்ள கம்பி அறுந்து பொடைச்சிகினு கீது. இத்த மட்டும் மாத்துனா போதும்" என்றார் டில்லி. டிக்கியைத் திறந்து ஸ்டெப்னியை எடுத்துப் பார்த்தார். "அட, இது ரோட்டையே பாத்ததில்லபோல, புச்சா கீது. இத்தயே மாட்டிர்லாம். மீதி மூணும் நல்லா தான் கீது, இந்த மழ தாங்கும். ஸ்டெப்னிக்கு ஒன்னு ஒரு வாரத்துல வாங்கி வெச்சிக்க. அதுவரிக்கும் தூரமா எங்கியும் போவாத." அந்தப் பெரிய கடையில் நாலும் மாற்றச் சொன்னார்கள் என்றேன். அவர் அவர்களைத் திட்டவும் இல்லை, தன்னைப் புகழ்ந்துகொள்ளவும் இல்லை. "நீ தான் கையால தொட்டுப் பாத்தியேம்மா" என்றார், அவ்வளவுதான்.

அவர் ஸ்டெப்னியை மெஷினில் சுற்றவிட்டுச் சரிபார்த்துக்கொண்டிருந்தபோது, அவர் சட்டைப் பைக்குள்ளிருந்து வண்டி உறுமும் சத்தம் கேட்டது. விளையாட்டை நிறுத்தாமலே போனைப் போட்டிருக்கிறார். அப்பா நிமிர்ந்து அந்தப் பையையே பார்த்தார். "லெ... லெவல்?" என்று கேட்டார். எனக்குப் புரியவே இல்லை. டில்லிக்கு உடனே புரிந்தது.

"ஐய, நீயும் ஆடுவியா சார்?" என்று வாயெல்லாம் பல்லாகப் போனை எடுத்துக் காட்டினார். "நம்மள்து கார் ரேஸு. ஊட்ல பொண்டாட்டி திட்டிகினே கீது. நீ இன்னா ஆடுற?"

"லாரி."

"லாரியா! அது கஷ்டமாச்சே. பெரிய ட்ரெய்லர் மாட்டிகினு ரிவர்ஸ்ல போடணுமே, அத்த போடுவியா நீ?"

அப்பாவின் உதடு அசைந்தது, நின்றது. எனக்குத் தெரியும், முந்தின நாள்கூட அவர் ட்ரெய்லரைப் பின்னால் எடுத்து மதில்மேல் ஏற்றியிருந்தார். இல்லை, அது மட்டும் வராது என்று நானே சொல்லிவிடலாமா என்று நாக்கு துடித்தது. டில்லி ஸ்பானரைக் கையில் பிடித்தபடி நின்றார். ஒரு தண்ணீர் லாரி கடந்து போனது. அப்பா தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"போடுவேன்" என்றார்.

அதற்கு டில்லி "கெத்து சார் நீ!" என்று சிரித்தார், மறுபடி டயர் பக்கம் திரும்பிவிட்டார். நான் மட்டும் அடுக்கியிருந்த டயர்மேல் உட்கார்ந்துவிட்டேன். அத்தனை மாதங்களாக அப்பா சொன்னதெல்லாம் "ஆமா", "அது", "விடு", "வேணாம்". சற்றுமுன் சொன்ன "ஆடுது", "லாரி" உட்பட எதிலும் அவர் இல்லை. "போடுவேன்" என்ற சொல்லில் அவர் இருந்தார். நான் என்று தனியாகச் சொல்லத் தேவையில்லாமல், அந்தச் சொல்லின் வாலிலேயே நான் என்பது இருந்தது. நாளைக்கு என்பதும் இருந்தது. எத்தனையோ பேருடைய பேச்சை இணைத்துவிட்டவள் நான், எவ்வளவோ குரல்களைக் கேட்டிருக்கிறேன். எந்தக் குரலும் என்னை இப்படி உட்காரவைத்ததில்லை.

"ஓட்டிப் பாத்துட்டு வாம்மா" என்றார் டில்லி. "ஆடுச்சின்னா திரும்பி வா. ஆடலன்னாலும் வா, துட்டு தரணும்ல." ஏரிக்கரைப் பக்கம் ஒரு சுற்று ஓட்டினேன். ஸ்டீரிங் கல்போல நின்றது. அப்பா டேஷ்போர்டில் வலது கையை வைத்துக்கொண்டு நடுக்கம் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டே வந்தார். முப்பது வருஷத்துக்கு மேல் பீரங்கி வண்டித் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். அவர் செய்த வண்டிகளுக்கு டயரே கிடையாது, எல்லாம் இரும்புச் சங்கிலிதான். ஆனாலும் டயரைப் பற்றி எல்லாம் தெரிந்தவர்போல ஒரு தலையாட்டல்! அடுத்த வாரம் நாங்கள் மறுபடி அங்கேதான் போய் ஸ்டெப்னிக்கு டயர் வாங்கினோம். அதற்கடுத்த வாரம் காரில் ஒரு கோளாறும் இல்லாமலே போனோம், காற்றுப் பிடிக்க என்று சொல்லிக்கொண்டு. இரண்டு பேரும் லெவல் பற்றிப் பேசுகிறார்கள். டில்லி பேசுவார், அப்பா ஒரு சொல் சொல்வார். அதற்கு எவ்வளவு நேரம் ஆனாலும் டில்லி தன்பாட்டுக்கு வேலையைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுதினால் நீ நம்பமாட்டாய், நம்பவும் கூடாது. சட்டைப் பொத்தானை இன்னும் நான்தான் போட்டுவிடுகிறேன். படியில் ஏறும்போது கால் இழுக்கிறது. ஒரு சொல் வராமல் போய்த் தட்டை நகர்த்திவிட்டுச் சாப்பிடாமல் எழுந்த நாள் போன வாரமும் உண்டு. எனக்கும் முட்டி வலி இருக்கிறது. மழையில் கார் ஓட்டப் பயம் இருக்கிறது. நீ பக்கத்தில் இருந்தால் நன்றாகத்தான் இருக்கும், இல்லை என்று சொல்ல நான் என்ன கல்லா? ஆனால் ஒரு அவசரமென்றால் நீ புனேவில் இருந்தாலும் உடனே வந்து நிற்க முடியாது, ஜெர்மனியில் இருந்தாலும் அப்படித்தான். போகாமல் இருந்து நீ எங்களுக்குக் கொடுக்கப்போவது என்ன? தன்னால்தான் பிள்ளை வாழ்க்கையை நிறுத்திவைத்தான் என்ற நினைப்பை அவருக்குக் கொடுப்பாய். அதைத் தூக்க அந்தக் கைக்கு இன்னும் வலு வரவில்லையடா.

நித்யாவைப் பற்றியும் ஒரு வார்த்தை. அவள் அம்பத்தூரிலிருந்து வந்து எங்களோடு ஒருநாள் இருந்தாள். ஜெர்மனி பற்றி அவள் என்ன நினைக்கிறாள் என்று கேட்டேன். "அவர் முடிவு பண்ணிட்டாரு அத்தை" என்றாள். மேலே ஏதோ சொல்ல வந்து நிறுத்திக்கொண்டாள். நீ அவளிடம் கேட்டாயா? கேட்டுவிட்டு, பதில் முழுதாக வரும்வரை சும்மா இருந்தாயா? நம் வீட்டில் எல்லாருக்கும் பிறர் வாக்கியத்தை முடித்துவைக்கிற அவசரம். நீ என் பிள்ளை, உன்னிடமும் அது இருக்கிறது. அவள் மெதுவாகப் பேசுகிறவள். அவளுக்கு நேரம் கொடு. அவள் வேண்டாம் என்றால் அது வேறு பேச்சு, அப்போது நீங்கள் இருவரும் சேர்ந்து எடுத்த முடிவு என்று நான் வாயைத் திறக்கமாட்டேன். எங்களைக் காரணம் காட்டாதே, அது மட்டும்தான் நான் கேட்பது.

போகிற இடத்தில் உனக்கும் பயம் காட்டுகிறவர்கள் வருவார்கள். இப்போதே கையெழுத்துப் போடு, இல்லாவிட்டால் வெடிக்கும் என்பார்கள். கழற்றிக் காட்டச் சொல். கையால் தொட்டுப் பார். உனக்குப் புரியாது என்று யாராவது சொன்னால் மரியாதையாக வணக்கம் சொல்லிவிட்டு வெளியே வந்துவிடு. கொஞ்ச தூரம் மெதுவாக ஓட்ட வேண்டியிருக்கும், பின்னால் வருகிறவர்கள் ஹாரன் அடிப்பார்கள், பரவாயில்லை. நிதானமாகக் காது கொடுக்கிற ஒரு ஆள் எந்த ஊரிலும் இருப்பார்.

இவ்வளவு எழுதி முடித்தபோது அப்பா மாடியிலிருந்து இறங்கி வந்துவிட்டார். யாருக்கு எழுதுகிறேன் என்று கேட்கவில்லை, தெரிந்துகொண்டார். எதிரில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "பாலாவுக்கு என்னங்க எழுதட்டும்?" என்று கேட்டேன். பேனாவை வைத்துவிட்டுக் காத்திருந்தேன். அண்ணனூர் பக்கம் போகிற ரயிலின் சத்தம் கேட்டு ஓய்ந்தது. பக்கத்து வீட்டில் குக்கர் விசில் அடித்தது.

"போ... போகச் சொல்லு" என்றார்.

பிள்ளையிடம் அப்படியா சொல்வார்கள், போ என்று? எனக்கு வாய்வரை வந்துவிட்டது. ஆனால் அவர் இன்னும் முடிக்கவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. நான் பேசாமல் இருந்தேன். அவர் உதடு இரண்டு மூன்று தடவை கூடிப் பிரிந்தது. பிறகு மேஜையில் விரலால் ஒரு தட்டு தட்டிவிட்டு, ஒவ்வொரு எழுத்தாக, திருத்தமாகச் சொன்னார்.

"போயிட்டு வரச் சொல்லு."

அம்மா